ஓடினேன், இன்ஹேலரோடு



ஜனவரியில் நான் சென்னையில் ஓடியதைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அக்கா 42 கிலோமீட்டர் ஓடிட்டாங்க" என்று போட்டிருக்கிறார்கள். பழைய மாணவர் குழுவில் ஒருவன் "ஆஸ்துமாவை வென்ற எங்கள் டீச்சர்" என்று எழுதி, என் படத்தைச் சுற்றிப் பூ வைத்து ஒட்டியிருந்தான். பூ வைத்த படத்தைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்தில் இருக்கும் என் நாத்தனார் பதறிப்போய் ஃபோன் செய்துவிட்டார். இனி தாங்காது, நடந்ததை நானே வரிசையாக எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், படித்துவிடுவீர்கள்.

முதலில் சிவப்பு மையில் இரண்டு திருத்தம்.

ஒன்று, நான் ஓடியது முழு மாரத்தான் இல்லை. முழு மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி வைத்தார்கள். அப்படி வந்த தூரம் இது. 1921இல் இதுவே நிரந்தரமானது. நான் ஓடியது அதில் சரிபாதி, 21.0975 கி.மீ. அதிலும் முழுக்க ஓடவில்லை. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.

இரண்டு, ஆஸ்துமாவை நான் வெல்லவில்லை. இன்று காலையும் இரண்டு பஃப் எடுத்து, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் காபி குடித்தேன். ராத்திரியும் எடுப்பேன். நாளைக்கும் எடுப்பேன். "ஆஸ்துமா இருந்தும் ஓடினாங்க" என்று சொல்கிறீர்கள். "மருந்தை ஒழுங்காக எடுத்ததால் ஓடினாங்க" என்று மாற்றிச் சொல்லுங்கள். இந்தப் பதிவு எழுதுவதே அதற்காகத்தான்.

எனக்கு இது நான்காம் வகுப்பிலிருந்து இருக்கிறது. எங்கள் ஊரில் தை மாதம் அறுவடை. களத்துமேட்டில் போரடிக்கும்போது கிளம்பும் தூசு மூக்கில் ஏறினால் அன்றைக்கு ராத்திரி எனக்கு இழுப்பு. படுக்க முடியாது. மடியில் தலையணையை வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். ஆடாதொடைக் கஷாயம், தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு என்று எல்லாம் கொடுப்பார். கைவைத்தியத்தை நான் கேலி செய்யமாட்டேன். இருமல் மருந்துகளில் போடுகிற புரோம்ஹெக்சின், ஆடாதொடையில் உள்ள ஒரு வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான். ஆனால் அது சளியை இளக்கும், அவ்வளவே. சுருங்கிய மூச்சுக்குழாயை அந்த நிமிடத்தில் விரிக்க அதனால் ஆகாது.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வீட்டில் இருந்தபோது வரன் பார்த்தார்கள். "இழுப்பு இருக்குன்னு வெளியே சொல்லாதீங்க, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொந்தத்தில் பலர் என் அப்பாவுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டாரிடமும் பஜ்ஜி வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். "பொண்ணுக்கு வீசிங் உண்டு. ஐப்பசி, கார்த்திகையிலும் அறுவடை சமயத்திலும் அதிகமா வரும். சம்மதம்னா மேல பேசலாம்." இரண்டு இடம் அதோடு போனது. மூன்றாவதாக வந்தவர் "என்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?" என்று கேட்டார். அவரைத்தான் நீங்கள் எல்லோரும் "சார்" என்று கூப்பிடுகிறீர்கள். 1987இலிருந்து இன்றுவரை எந்த ஊருக்குப் போனாலும் என் மருந்துப் பையை எடுத்து வைப்பது அவர்தான்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு எதிரி சாக்பீஸ் தூசு. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். என் வகுப்பில் டஸ்டர் கிடையாது, ஈரத்துணிதான். வாரத்துக்கு ஒருவர் "ஈரத்துணி லீடர்". அந்தப் பதவிக்காக எத்தனை சண்டை! துணியை நனைக்கிற சாக்கில் குழாயடியில் பத்து நிமிடம் விளையாடிவிட்டு வருவீர்கள், அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஏன் ஈரத்துணி என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "டீச்சருக்கு ஆஸ்துமா, தூசு ஆகாது" என்று நேராகவே சொல்லியிருக்கிறேன்.

இனி, ஏன் ஓடினேன் என்பதற்கு வருகிறேன்.

1997இல் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் வேண்டாம், அவன் வீட்டார் இதைப் படிப்பார்கள். மூன்றாவது பெஞ்ச். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கபடியில் கெட்டிக்காரன். அவனுக்கும் என்னைப்போல வீசிங். ஆண்டு விழா ஒத்திகை நாளில் அவன் மூச்சு வாங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவனும் ஒன்றாக மூச்சை இழுத்து விட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். படித்து முடித்து பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூர் போனான். நாள் முழுக்க பஞ்சுத் தூசு. அவனிடம் நீல நிற இன்ஹேலர் ஒன்று இருந்தது. அதை கம்பெனியில் யாரும் பார்க்காதபடி கழிப்பறைக்குப் போய்த்தான் எடுப்பானாம். தெரிந்தால் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை அவன் வாங்கவே இல்லை. மூச்சு இரைக்கும்போது மட்டும் நீல இன்ஹேலர். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, கடைசியில் மாதத்துக்கு மூன்று. 2015இல் ஒரு மழைக்கால இரவில் மூச்சு முட்டி எழுந்திருக்கிறான். குப்பியை அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வந்தது. மருந்து தீர்ந்துபோயிருந்தது. மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளுகிற வாயு கொஞ்சம் மீதி இருக்கும். ஆட்டிப் பார்த்தாலோ அழுத்திப் பார்த்தாலோ கண்டுபிடிக்க முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது அவனுக்கு 31 வயது. மகள் யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் இப்போது கல்லூரிப் படிப்புக்குத் தயாராகும் வயதில் இருக்கிறாள். அவன் வகுப்புத் தோழர்கள் கூடி அவள் படிப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சென்ற வருடம் என் வீட்டுத் திண்ணையில் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான். "டீச்சர், இந்த மாதிரி இன்னொரு பிள்ளைக்கு ஆகாம இருக்க நாம ஏதாவது செய்ய முடியாதா?" செய்யலாம், நம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வீசிங் உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து மருந்துக்கு உதவலாம் என்றேன். காசுக்கு எங்கே போவது என்றான் ஒருவன். இன்னொருத்தி, வங்கியில் வேலை பார்க்கிறவள், "டீச்சர் தினமும் குளத்தைச் சுத்தி நடக்கறாங்கல்ல. அவங்க ஒரு மாரத்தான் ஓடட்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு நாம போடுவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே தஞ்சாவூரில் என் டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

அந்த டாக்டருக்கு என் மகன் வயது. ஓடக்கூடாது என்பார் என்று எதிர்பார்த்தேன். "தாராளமா ஓடலாம்மா" என்றார். இந்த வயதுக்கு வேண்டிய இதயப் பரிசோதனைகளை முதலில் எடுக்கச் சொன்னார். அவை சரியாக இருந்தன. பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன், அறிவியல் பாடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயில் மூன்று காரியம் நடக்கிறது. உள்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி அதிகமாகச் சுரக்கிறது. நீல இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்ப்யூட்டமால். அது இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை ஒன்றும் செய்யாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். நீலத்தை மட்டும் நம்பியிருப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. கூரையை மாற்றவில்லை என்றால் ஒருநாள் வீடே இறங்கிவிடும். நீல இன்ஹேலரை மட்டும் தனியாக வைத்துச் சிகிச்சை செய்வதை 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலே பரிந்துரைப்பதில்லை. நம் மூன்றாவது பெஞ்ச் பையனுக்கு நடந்தது இதுதான்.

ஓடும்போது ஏன் மூச்சு இரைக்கிறது? சாதாரணமாக மூக்கு நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடினால் வாயால் மூச்சு விடுவோம். காய்ந்த காற்று நேராக உள்ளே போய் மூச்சுக்குழாயை உலர்த்தும். அது எரிச்சலடைந்து சுருங்கும். ஆகவே ஓட்டத்தைவிட எப்படி ஓடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பவுலா ராட்கிளிஃப் என்ற இங்கிலாந்து வீராங்கனைக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. அவர் 2003இல் லண்டனில் முழு மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். 2019 வரை, 16 வருடம், அந்த உலக சாதனையை எந்தப் பெண்ணும் முறியடிக்கவில்லை.

டாக்டர் எனக்கு மூன்று நிபந்தனை போட்டார். தடுப்பு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. ஓடுவதற்கு 15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலர் எடுத்துவிட்டு, மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிய பிறகே ஓட வேண்டும். தினமும் காலையில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிப் பார்த்துக் குறிக்க வேண்டும். நம் மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாய் அது. எனக்கு நல்ல நாளில் 340 வரும். அதில் 80 சதவீதம் 272. அதற்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. (இது எனக்குச் சொன்னது. உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

பிப்ரவரியில் ஆரம்பித்தேன். மைதானம் நம் மன்னார்குடி ஹரித்ரா நதிதான். 23 ஏக்கர் குளம், நாலு கரையையும் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பஸ்ஸும் ஆட்டோவும் புகை கிளப்புவதற்கு முன், விடிகாலை ஐந்து மணிக்குப் போய்விடுவேன். முதல் மாதம் நடை மட்டும். பிறகு ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. சார் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து சுற்றுகளை எண்ணுவார். இரண்டு முறை தூங்கிப்போய்விட்டார். அந்தக் கொட்டைகளுக்கு நான் பொறுப்பில்லை.

பேச்சுக்குக் குறைவில்லை. "63 வயசுல பேரன் பேத்தியைக் கொஞ்சாம இது என்ன கூத்து" என்றார்கள். "டீச்சர் சுடிதார் போட்டுக்கிட்டு ஓடுறாங்க" என்று பால் வாங்கப் போகிற இடத்தில் பேசிக்கொண்டார்களாம். புடவையில் ஓடிப் பார்த்தேன், கால் தடுக்குகிறது, வேறு வழியில்லை. பத்து நாளில் பேச்சு ஓய்ந்தது. இரண்டு மாதத்தில், என்னைப் பேசியவர்களில் மூன்று பேர் என்னோடு நடக்க வந்துவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஜலதோஷம் வந்து பீக் ஃப்ளோ 230க்கு இறங்கியது. இரண்டு வாரம் வீட்டோடு இருந்தேன். அதுவரை சேர்த்ததெல்லாம் போய்விட்டதோ என்று ஒரே அழுகை. டாக்டர் மருந்தைச் சற்றுக் கூட்டினார், பிறகு குறைத்தார். குறிப்பேட்டில் எண் 240, 265, 290 என்று ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, சுமாராகப் படிக்கிற பிள்ளையின் மதிப்பெண் ஏறுவது போல அத்தனை சந்தோஷம். டிசம்பரில் ஒருநாள் 18 கி.மீ. போனேன். மார்கழிக் குளிருக்கு வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்வேன். உள்ளே போகும் காற்று அதில் கொஞ்சம் சூடாகும்.

ஜனவரியில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி நானும் சாரும் சென்னை போனோம். ஓட்டம் நேப்பியர் பாலம் பக்கத்தில் தொடக்கம். மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கத்தில் உடல்நலக் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. பலர் அதை நிரப்புவதே இல்லை. நான் பெரிய எழுத்தில், "ஆஸ்துமா. இன்ஹேலர் இடுப்புப் பையில் இருக்கிறது" என்று எழுதி, கீழே சாருடைய ஃபோன் நம்பரையும் போட்டேன். மயங்கி விழுந்தால் தூக்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இருட்டு பிரியாத நேரம். அத்தனை ஜனம். சின்னப் பிள்ளைகள் எல்லாம் அம்பு மாதிரி போய்விட்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினேன். கடற்கரைக் காற்று ஈரமாக இருந்ததால் நெஞ்சு இதமாக இருந்தது. சாந்தோம் தாண்டி, அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் போய்த் திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. பத்தாவது கிலோமீட்டரில் கடல் மேல் சூரியனைப் பார்த்துவிட்டேன்.

திரும்பி வரும்போது, 14ஆவது கிலோமீட்டர் வாக்கில், சாலையோரத்தில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். போகிக்கு முந்தின வாரம். பழைய பாயும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை. மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினேன். தாண்டிய சற்று நேரத்தில் நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் சத்தம் கேட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகிய சத்தம். எனக்குத் தெரியாமல் போகுமா?

நின்றுவிட்டேன். ஓரமாகப் போய்ப் பிளாட்பாரச் சுவரில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சமயத்தில் படுக்கக்கூடாது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஆட்டி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டே அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்து வைத்தேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று. அங்கே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் ஓடிவந்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடவாம்மா?" என்றார். பத்து நிமிடம் பார்க்கலாம், குறையவில்லை என்றால் கூப்பிடுங்கள் என்று சைகை காட்டினேன்.

நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு திருக்குறளை ஒரே மூச்சில் சொல்லிப் பார்ப்பேன். ஏழு சீர்தானே. நடுவில் மூச்சு வாங்கினால் அபாயம், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முதல் தடவை நான்காவது சீரில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து ஆறாவது சீர் வரை வந்தது. எட்டாவது நிமிடத்தில் முழுக் குறளும் வந்தது. உடனே இன்னொன்றும் சொன்னேன், அதுவும் வந்தது. விசில் நின்றிருந்தது.

அந்தக் காவலர் அதுவரை என் பக்கத்திலேயே நின்றார். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார். "என் பையனுக்கும் இது இருக்கும்மா. மூணாவது படிக்கிறான். ஓடக்கூடாது, விளையாடக்கூடாதுன்னு வீட்டுல உக்காத்தி வச்சிருக்கோம். நீங்க இந்த வயசுல ஓடுறீங்க. என்ன பண்றீங்க?" தடுப்பு இன்ஹேலர், ஸ்பேசர், நல்ல நெஞ்சக மருத்துவர், இந்த மூன்றையும் அவருடைய நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தேன். என் ஓட்டத்தில் உருப்படியான பத்து நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு இரண்டு கிலோமீட்டர் நடை மட்டும். பிறகுதான் மறுபடியும் மெல்ல ஓட்டம். 3 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். என் வயதுப் பெண்கள் ஆறு பேர் ஓடினோம், நான் ஐந்தாவது. முடித்தவுடன் உட்காரவில்லை. ஓட்டத்தால் வரும் இரைப்பு பலருக்கு ஓடி நிறுத்திய ஐந்து, பத்து நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் மெடலைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் மெதுவாக உலாவினேன். சார் மோர் பாக்கெட்டோடு பின்னாலேயே வந்தார்.

இப்போது கணக்கு. பொதுக் காசு, எல்லோரும் பார்க்க வேண்டும்.

63 பேர் கொடுத்திருக்கிறீர்கள். கிலோமீட்டருக்கு 10 ரூபாய் கொடுத்தவரும் உண்டு, 500 கொடுத்தவரும் உண்டு. ஒருவன் 21.0975ஐ நூறால் பெருக்கி, 2,109 ரூபாய் 75 காசு அனுப்பியிருக்கிறான். தசமப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. அந்தக் காசுக்கு ஈடுகட்டி இன்னொருத்தி 25 காசு சேர்த்து அனுப்பியிருக்கிறாள். மொத்த வரவு 1,86,400 ரூபாய்.

பன்னிரண்டு பள்ளிகளில் மருத்துவரை வைத்து முகாம் நடத்தினோம். 38 பிள்ளைகளுக்குச் சிகிச்சை தேவை என்று டாக்டர் சொன்னார். ஸ்பேசர் 38க்கு 17,100. ஒரு வருடத்துக்கான தடுப்பு மருந்து 85,120. பள்ளிக்கு ஒன்றாகப் பீக் ஃப்ளோ மீட்டர் 7,200. மூச்சுத் திணறினால் என்ன செய்ய வேண்டும் என்ற சுவர் அட்டைகள் 3,000. முகாம் செலவு 6,480. ஆக மொத்தம் 1,18,900. மீதி 67,500 அடுத்த வருட மருந்துக்கு வங்கியில் இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் ரயில் செலவும் என் பென்ஷனில். ரசீதுகள் நம் வங்கிக்காரியிடம் இருக்கின்றன, யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

அந்த முகாம்களில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். டாக்டர் 38 வீட்டாரிடமும் பேசினார். மருந்து இலவசம் என்று தெரிந்தும் பாதிப் பேர் தயங்கினார்கள். "இன்ஹேலர் வேண்டாம் சார், மாத்திரையா எழுதிக் குடுங்க. பழகிடும்கறாங்க." திரும்பத் திரும்ப இதே வார்த்தை. கணக்கு டீச்சராக ஒரு கணக்கு சொல்கிறேன். சால்ப்யூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் இருப்பது 40 பஃப் மருந்து! மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுங்க வைத்து, மிச்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராகப் போய்ச் சேருகிறது. எது பலமான மருந்து, நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பு இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதே என்று கேட்டார்கள். இருக்கிறது, மிகக் குறைந்த அளவில். வாய்ப்புண் வராமல் இருக்க எடுத்தபின் கொப்பளிக்க வேண்டும். நீண்ட நாள் எடுக்கும் குழந்தைகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், படிப்பைக் கெடுக்கும். ஒரு சென்டிமீட்டரையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

இதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கிறது. அது நம் உறவுகளுக்கு. நம் சொந்தத்திலேயே இரண்டு வீட்டில், விருந்தாளி வந்தால் பெண் குழந்தையின் இன்ஹேலர் பீரோவில் புடவைக்குப் பின்னால் போய்விடுகிறது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன், படிக்கும்போது உங்களுக்கே தெரியும். "நாளைக்கு வரன் பார்க்கணும், ஊரு பேசும்" என்கிறீர்கள். குழந்தைக்கு ஏழு வயது! வரன் வர இன்னும் பதினைந்து, இருபது வருடம் இருக்கிறது. அதற்குள் எத்தனை மழைக்காலம் வரும் என்று கணக்குப் போடுங்கள். மறைத்து வைத்த மருந்து அவசரத்துக்குக் கைக்கு எட்டாது. அதைவிட மோசம், இது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றுக்கொண்ட ஒருவன்தான் கம்பெனிக் கழிப்பறையில் ஒளிந்து மருந்து எடுத்தான். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். வந்து சண்டை போடுங்கள், காபி போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த இன்ஹேலரை இன்றைக்கே பீரோவிலிருந்து எடுத்துக் குழந்தையின் பள்ளிப் பையில் வையுங்கள். வகுப்பு டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் மாணவர்களில் 41 பேர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் வீசிங் உள்ள பிள்ளைகள் யார் என்று கேட்டு எழுதுங்கள். விளையாட்டு நேரத்தில் அவர்களை மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள். டாக்டர் சொன்னபடி மருந்து எடுத்துவிட்டு, மெதுவாக உடம்பைச் சூடாக்கி ஆட விடுங்கள். திணறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், இன்ஹேலர் கொடுங்கள், குறையவில்லை என்றால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். குப்பியில் எத்தனை பஃப் மீதி இருக்கிறது என்று எண் காட்டும் வகைதான் வாங்கச் சொல்லுங்கள். எண் காட்டாத குப்பி என்றால், ஆரம்பித்த தேதியை அதன்மேல் எழுதிக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலோரத்தில் ஒரு ஈரத்துணியும் இருக்கட்டும்.

அடுத்த ஜனவரிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே 21 கிலோமீட்டர்தான், முழு மாரத்தான் ஓடச் சொல்லி யாரும் உசுப்பேற்ற வேண்டாம். 38 பிள்ளைகளுக்கு இரண்டாம் வருட மருந்து வாங்க வேண்டும், இன்னும் எட்டுப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். இந்தத் தடவை என்னோடு குளத்தங்கரைக்கு வருபவர்கள் காலை ஐந்து மணிக்கு வடகரையில் இருங்கள். புளியங்கொட்டை எண்ண ஆள் தேவைப்படுகிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடனும் ஆசிகளுடனும்
உங்கள் டீச்சர்